பச்சை மெருகும் பெருந்தட்டும்: சீனச் செலடான் கலை பற்றி ஒரு மறுபார்வை

சீனப் பீங்கானுக்கும் முஸ்லிம் உலகுக்கும் இருந்த உறவைப் பற்றி நம்மவர்கள் எழுதும்போது முதலில் எடுத்துக்காட்டுவது மிங் அரசர் செங்தே (1506–1521) காலத்து நீல வெள்ளைப் பாத்திரங்களைத்தான். அவற்றில் அரபியிலும் பாரசீகத்திலும் வாசகங்கள் பொறிக்கப்பட்டுள்ளன. எழுத்து இருக்கும் இடத்தில் சான்று தேடி அலைய வேண்டியதில்லை. எனவே எழுதுவோருக்கு அவை வசதியானவை. ஆனால் அவற்றுக்குப் பல நூற்றாண்டுகள் முன்பே பஸராவையும் ஃபுஸ்தாத்தையும் சென்றடைந்து, அரண்மனைகளிலும் வணிகர் இல்லங்களிலும் இடம்பிடித்த பச்சை நிறச் செலடான் பாத்திரங்களைப் பற்றிப் பேச நேர்ந்தால் இரண்டே வாக்கியங்களில் முடித்துவிடுகிறோம். பச்சை முஸ்லிம்களுக்கு உவப்பான நிறம் என்பது ஒன்று. நஞ்சு கலந்த உணவை இட்டால் செலடான் தட்டு வெடித்துவிடும் என நம்பப்பட்டது என்பது மற்றொன்று. இவ்விரு வாக்கியங்களும் ஒருவர் எழுத்திலிருந்து மற்றொருவர் எழுத்துக்கு வழிவழியாக வந்துகொண்டிருக்கின்றன. இவை செலடானை விளக்குகின்றனவா, அன்றி அதைப் பார்க்கவிடாமல் மறைக்கின்றனவா என்பதே இக்கட்டுரை எழுப்பும் வினா.

முதலில் பெயர்கள். 'செலடான்' என்பது சீனச் சொல்லுமன்று, அரபுச் சொல்லுமன்று. 17ஆம் நூற்றாண்டில் ஒனொரே துர்ஃபே எழுதிய ஒரு பிரெஞ்சுப் புதினத்தின் நாயகன் பெயரே பின்னர் ஒரு வெளிர்பச்சை நிறத்துக்கும், அதன் வழியாக இப்பாத்திரங்களுக்கும் வழங்கலாயிற்று என்பது பரவலாக ஏற்கப்பட்ட விளக்கம். சீனர் இதை 'சிங்' நிறப் பாத்திரம் என்பர். அந்தச் சொல் பச்சையையும் நீலத்தையும் ஒருசேரக் குறிக்கும். 'பசுமை' என்ற வேரிலிருந்து பசும்புல்லையும் பசும்பொன்னையும் பெற்றுக்கொண்ட தமிழருக்கு இது வியப்பளிக்காது. முஸ்லிம் நாடுகளில் இப்பாத்திரங்கள் 'மர்தபானி' எனப்பட்டன; பர்மியக் கடற்கரைத் துறையான மர்தபானின் பெயரால் வந்தது அது. நாம் எல்லா வகைக்கும் பொதுவாக வழங்கும் 'பீங்கான்' என்ற சொல்லோ பாரசீகப் 'பிங்கா'னோடு உறவுடையது. அதே சொல்தான் அரபியில் 'ஃபின்ஜான்' ஆனது. கிண்ணத்தைக் குறித்த சொல் தமிழில் அது செய்யப்பட்ட பொருளையே குறிக்கும் சொல்லாகிவிட்டது. இந்த வணிகம் எந்தக் கடல்வழியில், யார் கைவழியாக நடந்தது என்பதற்கு மொழியே ஒரு சாட்சி.

மெருகு என்பது பூச்சு மட்டுமன்று

செலடானின் அழகை அறிய விரும்புபவர் அதன் மெருகிலிருந்து தொடங்க வேண்டும். களிமண்ணும் பீங்கான் கல்லும் சுண்ணமும் மரச் சாம்பலும் சேர்ந்த கரைசலே மெருகுக் குழம்பு. அதில் நூற்றுக்கு ஒன்று அல்லது இரண்டு பங்கு அளவே இரும்பு ஆக்சைடு இருக்கும். ஏறத்தாழ 1200 பாகை செல்சியஸுக்கும் மேலான வெப்பத்தில் அது உருகிக் கண்ணாடியாகிறது. அந்த வேளையில் சூளைக்குள் காற்று தாராளமாகச் சென்றால் இரும்பு மஞ்சளையோ பழுப்பையோ தரும். காற்றைக் குறைத்துப் புகையை மிகுத்தால், தீ தனக்கு வேண்டிய ஆக்சிஜனை அந்த இரும்பிலிருந்தே பறித்துக்கொள்கிறது. அப்போதுதான் பச்சை பிறக்கிறது. ஆகவே செலடானின் பச்சை கலயத்திலிருந்து எடுத்துத் தீட்டிய வண்ணமன்று. மண்ணில் கலந்திருந்த இரும்பைத் தீ அடக்கியதால் விளைந்தது. ஒரே சூளையில் வெந்த பாத்திரங்களுள் ஒன்று கடல்நீராகவும் மற்றொன்று ஆலிவ் காயாகவும் வெளிவருவது இதனால்தான்.

செஜியாங் மாநிலத்து லோங்ச்சுவான் குயவர்கள் தென் சோங் காலத்தில் (1127–1279) இக்கலையை அதன் உச்சத்துக்குக் கொண்டுசென்றனர். மலைச்சரிவில் பாம்பு ஊர்வதுபோல் ஏறிச்செல்லும் அவர்களது நீண்ட சூளைகளை அந்நாட்டார் 'டிராகன் சூளை' என்றனர். அவர்கள் பயன்படுத்திய மெருகு எளிதில் வழிந்தோடாத தன்மையுடையது. எனவே அதை அடுக்கடுக்காகப் பூச முடிந்தது. அவ்வாறு தடித்த மெருகினுள் நுண்ணிய காற்றுக்குமிழிகளும் உருகாமல் நின்ற துகள்களும் சிக்கிக்கொள்ளும். உட்புகும் ஒளி அவற்றில் பட்டுச் சிதறித் திரும்புகிறது. கண்ணாடி போல் ஊடுருவிக் காட்டாமலும், கல் போல் மறித்துவிடாமலும் மரகதக்கல் போன்ற ஓர் ஆழம் அதில் தோன்றுவதன் காரணம் இதுவே.

அலங்காரத்துக்கும் மெருகுக்கும் நடந்த போட்டி

இங்கேதான் செலடான் கலையின் மையச் சிக்கல் தோன்றுகிறது. மெருகு தடித்தால் அதன் அடியில் செதுக்கிய கோடுகள் மூழ்கிவிடும். மெல்லியதானால் கோடு தெளியும், ஆழம் போய்விடும். இவ்வகைப் பாத்திரங்களின் அலங்கார வரலாறு பெரும்பாலும் இந்த இழுபறியின் வரலாறே.

வடக்கே யாவ்ஜோ சூளைகளில் 11, 12ஆம் நூற்றாண்டுகளில் பணிபுரிந்தவர்கள் முதல் விடையைத் தந்தனர். அவர்கள் பியோனி மலரின் இதழ்களைச் செதுக்கும்போது கத்தியைச் செங்குத்தாகப் பிடிக்காமல் ஒருபுறம் சாய்த்துப் பிடித்தனர். இதனால் ஒவ்வொரு வெட்டும் ஒரு பக்கம் ஆழ்ந்தும் மறுபக்கம் மேலெழுந்தும் அமைந்தது. மெல்லிய ஆலிவ் மெருகு அப்பள்ளத்தில் தேங்கிக் கறுத்தது. மேட்டில் வழிந்து வெளுத்தது. தூரிகை தொடாமலே ஒளியும் நிழலும் கிடைத்துவிட்டன. மெருகையே மையாக்கி எழுதிய எழுத்து என்று இதைச் சொல்லலாம்.

தென் சோங் காலத்து லோங்ச்சுவான் குயவர்கள் இதற்கு நேர் எதிரான விடையைத் தேர்ந்தனர். அலங்காரத்தைக் குறைத்துக்கொண்டனர். கிண்ணத்தின் வெளிப்புறத்தில் தாமரை இதழ்களின் வரிசை. தட்டின் நடுவில் அச்சிலிட்டு ஒட்டிய இரு மீன்கள். பல பாத்திரங்களில் அதுவும் இல்லை. தாமரை இதழின் நடுவே ஓடும் முதுகெலும்பு போன்ற விளிம்பில் மட்டும் மெருகு மெலிந்து வெண்கோடாகத் தெரியும். மீன்களோ நீருக்கடியில் உள்ளவை போலப் பாதி தெரிந்தும் பாதி மறைந்தும் கிடக்கும். அலங்காரம் இங்கே மெருகுக்குப் பணிந்துபோகிறது. அப்படிப் பணிந்ததாலேயே அது உயிர் பெறுகிறது.

மங்கோலியரான யுவான் வம்ச ஆட்சியில் (1279–1368) நிலைமை மீண்டும் மாறியது. பாத்திரங்கள் பெருத்தன. மெருகு மெலிந்து ஊடுருவும் தன்மை பெற்றது. செதுக்கலும் அச்சுருவங்களும் பெருகின. அலைகள், மேகங்கள், டிராகன்கள், கொடிச்சுருள்கள் என வெளிமுழுதும் நிரம்பின. சில தட்டுகளில் டிராகன் உருவத்தை மட்டும் மெருகிடாமல் விட்டுச் சுட்டனர். திறந்துகிடந்த மண் சூளையில் செம்பழுப்பாகி, பச்சைப் பரப்பின்மேல் பளிச்சென்று நிற்கிறது. அருங்காட்சியகங்களில் பார்வையாளர் கூட்டம் நிற்பது இவற்றின் முன்தான். ஆயினும் இவ்வுத்தி செலடானின் இயல்புக்கு மாறானது என்றே கருதத் தோன்றுகிறது. மெருகின் வழியாகப் பேச வேண்டிய உருவம் மெருகைக் கிழித்துக்கொண்டு வெளியே வந்து கூவுகிறது. வியப்பு உண்டாகிறது, திரும்பத் திரும்பப் பார்க்கும் ஆவல் உண்டாவதில்லை. அதே காலத்தைச் சேர்ந்த, ஆழமற்ற செதுக்கலில் கொடிமலர் மட்டும் கொண்ட தட்டுகள் இவற்றைவிட நீடித்த நிறைவைத் தருகின்றன.

பச்சையும் நஞ்சும்

இப்போது நம் இரு வாக்கியங்களுக்கு வருவோம். சுவனவாசிகளின் பச்சைப் பட்டாடைகளைத் திருக்குர்ஆன் (18:31, 76:21) குறிப்பிடுகிறது. முஸ்லிம் பண்பாட்டில் பச்சைக்கு உள்ள மதிப்பை யாரும் மறுக்கப்போவதில்லை. ஆனால் அதுவே செலடான் வாங்கப்பட்டதற்குக் காரணம் என்று நிறுவ அது போதுமா?

8ஆம் நூற்றாண்டில் தேநீர் பற்றி நூல் எழுதிய லூ யூ, வெண்ணிறக் கிண்ணத்தைவிட யுவே சூளைகளின் பசுங்கிண்ணத்தையே உயர்த்திச் சொன்னார். தேநீரின் நிறம் அதில் நன்கு விளங்கும் என்பது அவர் தந்த காரணங்களுள் ஒன்று. கொரியாவில் கோரியோ அரசு செலடானைத் தன் சொந்தக் கலையாகவே வளர்த்தது. 1323இல் சீனாவிலிருந்து ஜப்பான் நோக்கிச் சென்று கொரியக் கரையோரம் சினானில் மூழ்கிய கப்பலிலிருந்து 20,000க்கும் மேற்பட்ட மட்பாண்டங்கள் எடுக்கப்பட்டன; அவற்றுள் பாதிக்கும் மேல் செலடான். அந்தப் பச்சையை விரும்பி எதிர்பார்த்திருந்தவர்கள் முஸ்லிம்கள் அல்லர்.

மறுபுறம் ஈரானின் அர்தபீல் தர்காவைப் பாருங்கள். ஹிஜ்ரி 1020இல் (1611) ஷா அப்பாஸ் அங்கே 1,162 சீனப் பாத்திரங்களை வக்ஃபாக வழங்கினார். இன்று அவற்றில் பெரும்பகுதி தெஹ்ரானின் தேசிய அருங்காட்சியகத்தில் உள்ளது. ஓர் ஸூஃபி ஞானியின் அடக்கத்தலத்துக்கு அளித்த அக்கொடையில் பச்சையே மேலோங்கியிருக்க வேண்டுமல்லவா? பெரும்பான்மை நீல வெள்ளை. செலடான் ஒரு சிறு பகுதியே. அதே சமயம் இஸ்தான்புல்லின் தோப்காப்பி அரண்மனையில் 1,300க்கும் மேற்பட்ட செலடான்கள் உள்ளன. இவ்வேறுபாட்டை மார்க்கத்தின் நிறத்தால் விளக்க முடியாது. எந்தக் காலத்தில் எந்தச் சூளை சந்தையை நிரப்பியது, எந்த அரசவை எதைச் சேர்த்துவைத்தது என்பவற்றாலேயே விளக்க முடியும்.

நஞ்சைக் காட்டிக்கொடுக்கும் தட்டு என்ற கதை உஸ்மானிய, முகலாய அரசவைகளில் வழங்கியது உண்மைதான். ஆனால் செலடானின் மேற்பரப்பு கண்ணாடி. உணவில் கலக்கும் நஞ்சோடு அது வினைபுரிந்து நிறம் மாறவோ வெடிக்கவோ வழியில்லை. அக்கதை பாத்திரத்தின் தன்மையைக் கூறவில்லை. அரியணைக்கு அருகில் அமர்ந்து உண்டவர்களின் அச்சத்தைக் கூறுகிறது. வரலாற்றாசிரியருக்கு அது பயன்படலாம். கலையை மதிப்பிடுபவருக்குப் பயன்படாது.

பெருந்தட்டு

அப்படியாயின் முஸ்லிம் உலகம் செலடானில் விட்டுச்சென்ற தடம் எது? அது எழுத்திலோ நிறத்திலோ இல்லை, அளவில் இருக்கிறது.

சீனர் தனித்தனிக் கிண்ணத்திலும் சிறு தட்டிலும் உண்டவர்கள். தேநீர்க் கிண்ணத்துக்கும் மலர்க்குடுவைக்கும் தூபக்கலசத்துக்கும் பழகிய லோங்ச்சுவான் சூளைகளிலிருந்து யுவான் காலத்தில் 40 சென்டிமீட்டருக்கும் மேல் விட்டமுள்ள, கனத்த, அகன்ற தட்டுகள் ஏராளமாக வெளிவரத் தொடங்கின. அரபியர் 'ஸைத்தூன்' என்றழைத்த சுவான்ஜோ துறைமுகத்தில் அப்போது அரபு, பாரசீக முஸ்லிம்கள் பள்ளிவாசல் அமைத்து வாழ்ந்தனர். தமிழ் வணிகரும் அங்கிருந்தனர் என்பதை 1281ஆம் ஆண்டுத் தமிழ்க் கல்வெட்டு காட்டுகிறது. மேற்காசியாவில் பலர் ஒரே தட்டைச் சுற்றி அமர்ந்து உண்ணும் வழக்கத்துக்கு ஏற்பவே இப்பெருந்தட்டுகள் உருவாயின என்பது இத்துறை ஆய்வாளர் பலரின் முடிவு. இதையும் அளவுகடந்து நீட்டிவிடக் கூடாது. பெரிய தட்டுகள் கிழக்கு நாடுகளுக்கும் சென்றன. ஆனால் தோப்காப்பியிலும் அர்தபீலிலும் தட்டுகள் பெற்றிருக்கும் இடத்தைக் காண்பவர் இம்முடிவை எளிதில் தள்ள மாட்டார்.

நம் வாசகர்களுக்கு இதில் புதுமை இருக்காது. நபி (ஸல்) அவர்களிடம் 'அல்கர்ரா' என்ற பெயருடைய, நால்வர் சுமக்கும் அளவு பெரிய உணவுப் பாத்திரம் இருந்ததாக அபூதாவூத் ஹதீஸ் தொகுப்பில் காண்கிறோம். தங்க, வெள்ளிப் பாத்திரங்களில் உண்பதும் பருகுவதும் தடுக்கப்பட்டதையும் அறிவோம். அரசவைகள் எல்லாம் அத்தடையைப் பேணின என்று கூற முடியாது. எனினும் உலோகமல்லாத ஒரு பொருள், விலையுயர்ந்த உலோகத்துக்கு நிகரான மதிப்பைப் பெறுவதற்கு அது ஒரு வாயிலைத் திறந்துவிட்டது. கலீஃபா ஹாரூன் அர்ரஷீதுக்குக் குராஸான் ஆளுநர் அலீ பின் ஈஸா அனுப்பிய காணிக்கையில் அதுவரை அரசவை கண்டிராத 20 உயர்தரச் சீனப் பாத்திரங்களும், வேறு 2,000 பாத்திரங்களும் இருந்ததாக வரலாற்றாசிரியர் பைஹகீ எழுதுகிறார். ரய் நகரில் ஒரு வணிக நண்பரின் வீட்டில் புழங்குபொருள் அனைத்தும் சீனப் பாத்திரமாகவே இருந்ததை அல்பீரூனி பதிவு செய்கிறார். பாத்திரம் அங்கே காட்சிப்பொருளன்று, புழங்குபொருள் என்பதே இவற்றிலிருந்து நாம் பெறவேண்டிய செய்தி.

அளவு மாறியதும் அலங்காரமும் மாறவேண்டியதாயிற்று. சிறு கிண்ணத்தின் உட்புறத்தில் இரு மீன்கள் போதும். ஒரு முழ அகலமுள்ள தட்டின் தளமோ வெற்றிடமாக நிற்கும். அங்கே நடுவில் ஒரு மலர், அதைச் சுற்றிக் கொடி, சரிவான உட்சுவரில் இதழ்வரிகள், விளிம்பில் அலை என வட்டத்துக்குள் வட்டமாக அமைப்பு விரிந்தது. மேற்காசிய உலோகத் தாம்பாளங்களில் பழகிய கண்ணுக்கு இவ்வமைப்பு அந்நியமாகப் பட்டிருக்காது. வட்டமாக அமர்ந்திருக்கும் ஒவ்வொருவருக்கும் தன் பக்கம் நேராகத் தெரியும். தலைமாடு கால்மாடு என்பது அத்தட்டுக்கு இல்லை.

இத்தட்டுகளை விளக்கொளியில் கண்ணாடிப் பேழைக்குள் பார்க்கும் நாம் ஒன்றை மறந்துவிடுகிறோம். பயன்பாட்டில் இந்த அலங்காரம் மூடப்பட்டே இருந்தது. அதன்மேல் சோறும் இறைச்சியும் குவிந்திருந்தன. சுற்றியிருந்த கைகள் ஓரத்திலிருந்து உண்டுவர, முதலில் விளிம்பின் அலை தெரியும், பிறகு இதழ்கள், உணவு முடியும் வேளையில்தான் நடுவில் உள்ள மலரோ மீனோ வெளிப்படும். மெருகுக்கு மேலே பொன்னால் எழுதியிருந்தால் அது கைபட்டுக் கழுவிக் கழுவி அழிந்துபோயிருக்கும். அடியில் செதுக்கியிருந்ததால் எத்தனை விருந்தானாலும் அழியவில்லை. அலங்காரத்தை மெருகு மறைக்கிறது என்று முன்னர் குறை கண்டோம். அந்த மறைப்பே அதன் காப்புமாகும். காயல்பட்டினத்திலும் கீழக்கரையிலும் சஹனில் ஒன்றாகச் சோறுண்டவர்களும், இலங்கையில் அதையே சவன் என்று அழைப்பவர்களும் இதை நூலறிவின்றியே புரிந்துகொள்வர்.

பிரதி செய்தவர்களின் தீர்ப்பு

ஒரு கலையை அதன் காலத்தவர் எப்படிக் கண்டனர் என்பதற்குச் சிறந்த சான்று, அதைப் பார்த்துச் செய்ய முயன்றவர்களின் படைப்பே. 14ஆம் நூற்றாண்டில் ஈரானிலும் மம்லூக் எகிப்திலும் குயவர்கள் செலடானைப் பார்த்துப் பச்சைப் பாத்திரங்கள் செய்தனர். அவர்களிடம் சீனத்துப் பீங்கான் மண் இல்லை. அவ்வளவு வெப்பம் தரும் சூளையும் இல்லை. காஷான் நகரின் புகழ்பெற்ற குயவர் குடும்பத்தைச் சேர்ந்த அபுல் காஸிம் 1301இல் எழுதிய குறிப்பின்படி அவர்களது கலவை பத்துப் பங்கு படிகக்கல் தூளும், ஒரு பங்கு கண்ணாடித் தூளும், ஒரு பங்கு வெண்களிமண்ணும் ஆகும். மெருகின் கூட்டும் வேறு. எனவே பச்சை கிடைத்தது, ஆழம் கிடைக்கவில்லை. ஒளி மேற்பரப்பிலேயே நின்றுவிட்டது.

ஆனால் அவர்கள் எதை எடுத்துக்கொண்டார்கள் என்பது கவனத்துக்குரியது. டிராகனைவிட மீனே அவர்களை ஈர்த்தது. அதையும் அப்படியே எடுத்துக்கொள்ளவில்லை. சீனத் தட்டில் இணையாக அமைந்து, மணவாழ்வின் நலத்தைக் குறித்துநின்ற இரு மீன்கள் ஈரானியக் கிண்ணத்தில் மூன்றாகவும் அதற்கு மேலாகவும் பெருகி வட்டமிட்டுச் சுழன்றன. பொருள் கழன்றுவிட்டது, அசைவு கூடிவிட்டது. உயிருருவங்கள் பற்றிய மார்க்க விவாதங்களை அறிந்த சமூகத்தில், உண்கலத்தின் அடியில் மீன் நீந்துவது உறுத்தலாகப்படவில்லை. குளத்தில் மீன் இருப்பது போன்று அது தட்டில் இருந்தது. வெறும் நகலெடுப்பு என்று இதைத் தள்ளுவோர் உண்டு. கடன் வாங்கிய உருவத்தைத் தன் பழக்கத்துக்கேற்பத் திருப்பியமைத்த இச்செயலில் செங்தே காலத்துப் பொறிப்புகளில் காண்பதைவிட ஆழமான உரையாடல் நிகழ்ந்திருக்கிறது என்பதே எமது கருத்து.

நம் கரையிலும் இதன் தடயம் உண்டு. இராமநாதபுரம் மாவட்டத்துப் பெரியபட்டினத்தில் 1987இல் ஜப்பானிய அறிஞர் நொபொரு கராஷிமாவும் தமிழ்ப் பல்கலைக்கழகத்தாரும் மேற்கொண்ட ஆய்வில் 13, 14ஆம் நூற்றாண்டுகளின் சீன ஓடுகள் மிகுதியாகக் கிடைத்தன. அவற்றுள் பெரும்பங்கு செலடான். அவற்றில் அரபு எழுத்தைத் தேடினால் ஏமாற்றமே மிஞ்சும். கையில் எடுத்துப் பார்க்க வேண்டியவை வேறு. உடைந்த விளிம்பில் மெருகின் தடிப்பு எவ்வளவு? செதுக்கிய கோட்டில் பச்சை எங்கே கறுத்திருக்கிறது? மெருகு எட்டாத அடிவளையம் தீயில் சிவந்திருக்கிறதா? ஓட்டின் வளைவை நீட்டிப் பார்த்தால் முழுத்தட்டு எத்தனை பேர் உண்ணப் போதுமானதாக இருந்திருக்கும்?

நமது பண்பாட்டின் தடங்களை எழுத்து உள்ள இடத்தில் மட்டுமே தேடும் பழக்கம் நம்மிடம் வேரூன்றிவிட்டது. கல்வெட்டையும் ஓலையையும் பொறிப்பையும் சான்றாக ஏற்கும் நாம், ஒரு தட்டின் அகலத்தைச் சான்றாக ஏற்கத் தயங்குகிறோம். கடைசிக் கவளத்துக்குப் பின் வெளிப்பட வேண்டிய மீனைத் தொலைதூரத்துக் குயவன் ஒருவன் மெருகின் அடியில் வைத்தான். தான் பார்த்தறியாத மக்கள் எப்படி அமர்ந்து உண்பார்கள் என்பதைச் சந்தையின் வழியாக அறிந்து, அதற்கேற்பத் தன் சக்கரத்தில் மண்ணை விரித்தான். இந்த அறிதலுக்கு எந்த வாசகமும் தேவைப்படவில்லை.